கேட்டால் மட்டும்... சொல்லும்!

செல்போன் அலறியது!

ஓவியா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுத்தாள். திரையில் 'அண்ணா' என்று இருந்தது.

"சொல்லுண்ணா..."

"ஓவியா... உடனே கெஸ்ட் ஹவுஸுக்கு வா!" மறுமுனையில் வளவனின் குரல் நடுங்கியது. "ஐயா செத்துட்டாரு!"

"என்னது... ராமகிருஷ்ணன் ஐயாவா?"

"விடிகாலைல மூச்சுத் திணறியிருக்கு. கட்டிலுக்குக் கீழ விழுந்து கெடந்தாரு. கையில ஆஸ்துமா பஃப் இருக்கு... ஆனா உள்ள மருந்தே இல்ல. காலி!"

"பட்டனை அழுத்தலையா அவரு?"

"அழுத்தியிருக்காரு. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்காரு. கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. ஆனா என் ரூம்ல மணி அடிக்கவே இல்ல ஓவியா! சத்தியமா அடிக்கல! இன்ஸ்பெக்டர் நம்ப மாட்டேங்கறாரு. நீ எழுதின ப்ரோக்ராம்தானே... நீ வந்து சொ..."

லைன் செத்தது. யாரோ போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

தோசை கருகியது. ஓவியா அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

*

இது நடந்தது 2008-ல்.

திருவண்ணாமலை, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருந்தது 'அருளொளி இல்லம்'. மலையைப் பார்த்தபடி மாதக்கணக்கில் தங்கும் வயதானவர்களுக்கான விடுதி. ஒவ்வொரு அறையிலும் கட்டிலருகே ஒரு சிவப்புப் பட்டன். உடம்புக்கு ஏதாவது ஒன்று என்றால் அழுத்த வேண்டியதுதான். வரவேற்பறையில் இருக்கும் கம்ப்யூட்டர் எந்த மணியை அடிக்க வேண்டுமோ அந்த மணியை அடிக்கும். கரண்ட் போனாலும் பட்டன்களும் மணிகளும் தனி பேட்டரியில் ஓடும்.

அந்த ஏற்பாடு ஓவியாவின் கைவேலை. வேங்கிக்காலில் வீட்டு மாடியிலேயே ஆபீஸ் போட்டு, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவள் எழுதிக் கொடுத்த முதல் ப்ரோக்ராம். விடுதி முதலாளி ராமகிருஷ்ணன் அதைப் பார்த்துப் பூரித்துப் போய், அவளுடைய அண்ணன் வளவனுக்கு அங்கேயே நர்ஸ் வேலையும் போட்டுக் கொடுத்தார்.

இப்போது ராமகிருஷ்ணன் இல்லை. அவள் எழுதிய ப்ரோக்ராம் அவளுடைய அண்ணனுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

ஓவியா வாசலில் ஸ்கூட்டியைச் சாய்த்தபோது உடலை ஏற்றிய ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கியது. அழ நேரமில்லை.

வரவேற்பறையில் வளவன் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். அவன் தோளில் கான்ஸ்டபிள் இருசப்பனின் கனமான கை. நாற்காலியில் இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம். மீசை முழுக்கக் கறுப்பு, தலை முழுக்க நரை.

"நீதான் இந்தக் கம்ப்யூட்டருக்கு அம்மாவா?"

"ப்ரோக்ராமுக்கு சார்."

"உன் புள்ள பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"அப்ப உன் அண்ணன்தான் பொய் சொல்றான்!" ராஜமாணிக்கம் எழுந்தார். "இருசப்பா, வண்டில ஏத்து."

"சார்... ஒரு நிமிஷம்!"

"ஒரு நிமிஷம்லாம் எதுக்கு?" ஜன்னலோரம் நின்ற இளைஞன் சீறினான். சக்கரவர்த்தி. இறந்தவரின் அக்கா மகன். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, மாமாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போகிறவன். "நேத்து ராத்திரி மாமா இவனை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. மாத்திரை குடுக்க லேட் பண்ணிட்டான்னு. அதை மனசுல வெச்சுக்கிட்டு காலி பஃப்பை வெச்சிட்டான் சார். மணி அடிச்சதும் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துட்டான்!"

"ஐயா திட்டறது எப்பவும் உள்ளதுதான் சார்..." வளவன் விம்மினான். "பெத்த அப்பா மாதிரி சார் அவரு. நேத்து சாயந்திரம் பஃப்பை நானே குலுக்கிப் பாத்து வெச்சேன். முக்கால்வாசி மருந்து இருந்தது!"

"வளவன் தம்பி அப்படிப்பட்டவரு இல்லீங்க..." நெற்றி நிறைய விபூதியோடு மேனேஜர் வேணு குறுக்கிட்டார். அழுதழுது கண்கள் சிவந்திருந்தன. "அசதில தூங்கியிருப்பாரு. வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு."

உதவி செய்கிறாரா, குழி தோண்டுகிறாரா? இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

ராஜமாணிக்கம் ஓவியாவின் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, நாங்களும் சும்மா வரல. செத்தவரோட நாலாம் நம்பர் ரூமை சீல் வெச்சிட்டேன். பக்கத்துல அஞ்சாம் ரூம் பட்டனை நானே அழுத்திப் பாத்தேன். உன் அண்ணன் ரூம்ல மணி கணீர்னு அடிச்சது. அப்புறம் ஏதோ ஒரு ஃபைல் இருக்காமே... எந்த ரூமுக்கு எந்த மணினு? அதையும் வேணு திறந்து காட்டினாரு. நாலாம் ரூமுக்கு மூணாம் மணி. மூணாம் மணி எங்க இருக்கு? உன் அண்ணன் தலைமாட்டுல. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஓவியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாள்.

அறை 4... மணி 3.

சரியாக இருந்தது. அண்ணன் நிஜமாகவே தூங்கிவிட்டானா?

ஃபைல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தாள். இன்று காலை!

"வேணு சார்... இதை இன்னைக்குக் காலைல யாரோ மாத்தியிருக்காங்க!"

"அது நான்தாம்மா." வேணு தலையைச் சொறிந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் திறந்து காட்டினப்போ பழக்கதோஷத்துல சேவ் அழுத்திட்டேன். எதையும் மாத்தல."

போச்சு! ஓவியா கண்களை மூடித் திறந்தாள். அப்போதுதான் மானிட்டரின் மேல் இருந்த பூச்சரத்தைப் பார்த்தாள். வாடிப்போய் இருந்தது. நேற்றைய பூ!

"வேணு சார்... இன்னைக்குக் கம்ப்யூட்டருக்கு பூஜை பண்ணலையா?"

"என்னம்மா கேள்வி இது?" வேணு பதறிப்போனார். "சாவு விழுந்த வீட்டுல கற்பூரம் ஏத்துவாங்களா? தீட்டும்மா!"

ஓவியா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வேணுவின் வழக்கம் விடுதியில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரை அணைப்பார். துணியால் துடைப்பார். பூ வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மறுபடி போடுவார். பஸ் டிரைவர்கள் செய்வதில்லையா, அந்த மாதிரி. ஓவியா எத்தனையோ தடவை இதற்காக அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

"அப்போ... நேத்துக் காலைல போட்ட கம்ப்யூட்டர் இன்னும் அணைக்கவே இல்ல?"

"எப்படிம்மா அணைப்பேன்? அணைச்சா, கற்பூரம் காட்டாம மறுபடி போட முடியுமா? யாரும் கை வெக்கல."

"சார்!" ஓவியா துள்ளி எழுந்தாள். "எங்க அண்ணன் சொல்றது உண்மையா பொய்யானு இப்பவே..."

படக்!

ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. காலை நேரத்து மின்வெட்டு!

மேஜைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

கீக்... கீக்... கீக்...

"ஐயோ!" ஓவியா மேஜைக்குக் குறுக்கே பாய்ந்து நின்றுகொண்டாள். "யாரும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க! பேட்டரி ரொம்பப் பழசு... இது அணையறதுக்குள்ள நாலாம் ரூம் பட்டனை யாராவது அழுத்தணும். சீக்கிரம் சார்!"

"சீல் வெச்ச ரூம்மா அது! எதுக்கு?"

"அந்தக் கருமத்தை முதல்ல ஆஃப் பண்ணுங்க. தலைய வலிக்குது!" சக்கரவர்த்தி யூ.பி.எஸ்.ஸை நோக்கிக் குனிந்தான்.

"தம்பி, தொடாதீங்க!" அவன் கையைப் பிடித்துத் தடுத்தது வேணு. "தீட்டு நேரத்துல மெஷின்மேல கை வெக்கக் கூடாது. அப்படியே இருக்கட்டும்."

ராஜமாணிக்கத்தின் பார்வை சக்கரவர்த்தியின் மேல் ஒரு கணம் நின்றது. எதற்கு இவனுக்கு இவ்வளவு அவசரம்?

"சொல்லும்மா. சுருக்கமா."

"சார், இந்தக் கம்ப்யூட்டர்ல மணிக்கு ஒரு மாட்யூல், அதாவது குட்டி ப்ரோக்ராம், லைட்டுக்கு ஒண்ணு, தண்ணி மோட்டாருக்கு ஒண்ணுனு தனித்தனியா எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் பொதுவா இந்த ஒரே ஃபைல். ஒவ்வொரு தடவையும் ஃபைலைத் திறந்து படிச்சா இந்த ஓட்டை மெஷின் தாங்காது. அதனால எந்த நம்பரையும் முன்கூட்டியே படிக்காது. யாராவது கேட்டாதான் படிக்கும். அதுவும் முதல் தடவை மட்டும்! படிச்சதை நினைவுல வெச்சுக்கும். அதுக்கப்புறம் ஃபைல்ல யாரு என்ன மாத்தினாலும் திரும்பிப் பாக்காது. லேஸி லோடிங்னு சொல்லுவோம்."

"சோம்பேறி லோடிங்கா? எங்க ஸ்டேஷன்ல நிறையப் பேர் அந்த டைப்தான்."

கீக்... கீக்... கீக்...

"புதுசா ஒரு டீச்சர் வந்தா பேரை ஒரு தடவைதானே சார் கேப்போம்? அப்புறம் அவங்க பேரை மாத்திக்கிட்டா கூட நாம பழைய பேரைத்தானே சொல்லிக்கிட்டிருப்போம்? அந்த மாதிரி! ஐயா உயிர் போற நேரத்துல பட்டனை அழுத்தினாரே... அப்போ ஃபைல்ல என்ன நம்பர் இருந்ததோ, அது இன்னும் இதோட நினைவுல இருக்கு. இப்போ ஃபைல்ல இருக்கற மூணு இல்ல!"

ராஜமாணிக்கத்தின் புருவம் ஏறியது. "யாரோ முதல்ல நம்பரை மாத்தி... ஆள் செத்ததும் திருப்பி மாத்திட்டாங்கங்கறே?"

"ஆமா சார்!"

"அஞ்சாம் ரூம்ல மட்டும் ஒழுங்கா அடிச்சுதே?"

"அந்த ரூம் நம்பரை யாரும் மாத்தல. ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனி நம்பர் சார்."

"ஒருவேளை நேத்துப் பகல்லயே அவரு பட்டனை அழுத்தியிருந்தா?"

"ஐயா நேத்து பகல் பூரா இங்க இல்ல சார்!" தரையிலிருந்து வளவன் கத்தினான். "கீழ்பென்னாத்தூர்ல கல்யாணம். ராத்திரிதான் வந்தாரு!"

கீக்கீக்கீக்கீக்...

யூ.பி.எஸ்.ஸின் குரல் மாறியது. ஓவியாவின் முகம் வெளுத்தது.

"சார்... பேட்டரி சாகப் போகுது! அணைஞ்சா நினைவெல்லாம் அழிஞ்சிடும். மறுபடி போட்டா ஃபைல்ல இருக்கற மூணைத்தான் படிக்கும். எங்க அண்ணன் ஜெயிலுக்குப் போயிடுவான் சார்... உங்க கால்ல விழறேன்!"

"விழாதே. நேரம் வேஸ்ட்." ராஜமாணிக்கம் தொப்பியைத் தலையில் அழுத்தினார். "சீல் வெச்சது நான். நானே உடைக்கறேன். இருசப்பா! நீ வளவன் ரூம்ல போய் நில்லு. மணி அடிச்சா கத்து!"

"நான்... சார்?" இருசப்பன் விழித்தான்.

"இல்ல, உங்க மாமனாரு! ஓடுய்யா!"

பூட்ஸ் சத்தம் நடையில் தடதடத்தது. நாலாம் நம்பர் அறையின் சீல் கிழியும் சத்தம். சாவி திரும்பும் சத்தம்.

வரவேற்பறையில் யாரும் மூச்சு விடவில்லை. ஓவியா திரையையே பார்த்தாள். அணைஞ்சிடாதே... ப்ளீஸ், அணைஞ்சிடாதே...

"அழுத்தறேன்!" உள்ளேயிருந்து ராஜமாணிக்கத்தின் குரல்.

திரையில் ஒரு வரி ஓடியது. அறை 4... அழைப்பு!

நிசப்தம்.

"சார்!" இருசப்பன் கத்தினான். "இங்க மணி அடிக்கல சார்! இன்னா சார் இது... அடிக்கவே இல்ல!"

அப்போதுதான் அது கேட்டது. எங்கோ தூரத்தில்... கிணற்றுக்கு அப்பால்... வெள்ளையடிப்பதற்காகப் பூட்டி வைத்திருந்த பின்கட்டிலிருந்து...

ட்ரிங்ங்ங்ங்...

ஆளே இல்லாத கட்டடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது!

வளவன் முகத்தைப் பொத்திக்கொண்டு கதறி அழுதான். உயிருக்குப் போராடிய மனிதர் அழுத்திய அத்தனை அழைப்பும் அந்த வெற்றுச் சுவர்களுக்குத்தான் போயிருக்கின்றன. ஓவியாவுக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை. அவளுடைய ப்ரோக்ராமை வைத்தே அவரைக் கொன்றிருக்கிறார்கள்!

ராஜமாணிக்கம் திரும்பி வந்தார். கூடவே இருசப்பனும் வந்தான். இன்ஸ்பெக்டரின் முகத்தில் கேலி இல்லை.

"அவனை விடு, இருசப்பா. இவனே மாத்தியிருந்தா, திருப்பி மூணுனு போட்டு தானே மாட்டிக்கிட்டிருக்க மாட்டான். பின்கட்டு நம்பரை அப்படியே விட்டுட்டு, பாருங்க மணி கோளாறுன்னிருப்பான்." அவர் ஓவியாவைப் பார்த்தார். "இந்த ஃபைலை மாத்த யார் யாருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் சார். அண்ணனுக்கு... வேணு சாருக்கு... சக்கரவர்த்தி சாருக்கு."

எல்லாத் தலைகளும் சக்கரவர்த்தியின் பக்கம் திரும்பின. அவன் சட்டை நனைந்திருந்தது.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் எதுக்கு மாமாவை..."

"நீதானே ஆஃப் பண்ணப் பாய்ஞ்சே?"

"தலைவலி சார்! சத்தியமா தலைவலி!"

"ஸ்டேஷன்ல நல்ல தைலம் இருக்கு. வா."

"சார், அவசரப்படாதீங்க." ஓவியா நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்தாள். "ஃபைலை யார் மாத்தினாலும் அவங்க பேரு அடியில பதிவாகும். ஆனா அதையும் யாராவது கேட்டாதான் இது லோட் பண்ணும். இது வரைக்கும் யாரும் கேக்கல... நான் கேக்கறேன்."

விரல்கள் பறந்தன. யூ.பி.எஸ். இடைவெளி இல்லாமல் ஊளையிட்டது.

கீஈஈஈஈ...

"போயிடும் போல இருக்கேம்மா!" ராஜமாணிக்கம் குனிந்தார்.

"வந்துடும் சார்... வந்துடும்..."

படக்!

ஃபேன் சுழன்றது. விளக்கு எரிந்தது. யூ.பி.எஸ். வாயை மூடிக்கொண்டது. கரண்ட் வந்துவிட்டது!

"அப்பாடா!" ஓவியா நிமிர்ந்தாள். "இனிமே பயமில்ல. எவ்வளவு நேரம் ஆனாலும் பேரு வந்துடும். 'வே'... இல்ல 'வ'வா... முதல் எழுத்து வருது சார்..."

கம்ப்யூட்டர் செத்தது!

திரை கும்மிருட்டு. எல்லோரும் திடுக்கிட்டுக் கீழே பார்த்தார்கள்.

பிடுங்கிய ஒயர் ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது சக்கரவர்த்தியின் கை இல்லை.

வேணு!

"தீ... தீட்டும்மா..." வேணுவின் உதடுகள் கோணின. "இவ்வளவு நேரம் மெஷின் ஓடக் கூடாது... அதான்..."

"தொடக் கூடாதுன்னது நீதானேய்யா?" ராஜமாணிக்கம் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "கரண்ட் போனப்போ அப்படியே இருக்கட்டும்னே. பேரு வரப் போகுதுன்னதும் ஒயரைப் புடுங்கறே. நல்ல பஃப் எங்க?"

"எனக்கு எப்படி சார் தெரியும்..."

பளார்!

விபூதி உதிர்ந்தது.

"எ... என் ரூம்ல... சாமி படத்துக்குப் பின்னால..."

இருசப்பன் சொல்லாமலே ஓடினான்.

வேணு சுவரோடு சரிந்தார். "எனக்கப்புறம் இந்த இடம் உனக்குத்தான்டானு சொல்லிச் சொல்லியே என்னை மாடு மாதிரி உழைக்க வெச்சாரு சார். உயிலும் எழுதினாரு. போன வாரம் பாத்தா... இல்லடா, என்ன இருந்தாலும் மருமகன் இருக்கான், அவனுக்குத்தான் மாத்தி எழுதணும்னாரு. மாத்தறதுக்குள்ள முடிச்சிடணும்னு..."

"எனக்கா?" சக்கரவர்த்தியின் குரல் உடைந்தது. "மாமா... எனக்கா எழுதறேன்னாரு?" போன தடவை மாமாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

"வழக்கம்போல கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டிருந்தீங்கன்னா..." ஓவியா வேணுவைப் பார்த்தாள். "எல்லாம் அழிஞ்சிருக்கும். எங்க அண்ணன் தூக்குல தொங்கியிருப்பான். ஐயாவோட மூச்சை நிறுத்தக் கூசல... தீட்டு நேரத்துல கற்பூரம் ஏத்த மட்டும் கூசிச்சா?"



இருசப்பன் கைக்குட்டையில் சுற்றிய பஃப்பை நீட்டினான். குலுக்கிப் பார்த்தார் ராஜமாணிக்கம். முக்கால்வாசி மருந்து இருந்தது.

வேணுவை ஜீப்பில் ஏற்றினார்கள். வளவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

புறப்படும்போது ராஜமாணிக்கம் திரும்பி வந்தார்.

"ஏம்மா, கோர்ட்ல காட்டணும். அந்தப் பேரு பதிவாகியிருக்குன்னியே... கம்ப்யூட்டரைப் போட்டு அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு."

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படி எதுவும் அதுல இல்ல சார்."

"என்னது... இல்லையா?"

"யார் மாத்தினாங்கனு பதிவு பண்ற வரியை நான் எழுதவே இல்ல. சும்மா என் பேரையும் அண்ணன் பேரையும் மாத்தி மாத்தி டைப் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ராஜமாணிக்கம் வாயைப் பிளந்தார். பிறகு ஜீப் அதிரும்படி சிரித்தார்.

"அடிப்பாவி! பேசாம போலீஸ்ல சேந்துடும்மா. எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு உன்ன மாதிரி ஆள்தான் தேவை."

"ஐயோ, நான் வரல சார்." ஓவியா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "உங்க டிபார்ட்மெண்ட்டை எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் பழசே திரும்பி வருதாமே!"